காட்கோபர் முதல் நாங்குநேரி வரை: வளரிளம் மாணவர் வன்முறையும் பெரியவர்களின் எதிர்வினையும்

முன்னுரை

மும்பையின் கிழக்குப் புறநகரான காட்கோபர், 1950ஆம் ஆண்டில் மாநகராட்சியின் எல்லை விரிவாக்கப்பட்டபோது நகரோடு இணைந்த பகுதியாகும். காட்கோபர் கிழக்கில் காமராசரின் பெயரைத் தாங்கிய காமராஜ் நகர் என்னும் குடியிருப்பு உள்ளது. பள்ளிகளைப் பெருக்கிய ஒரு முதலமைச்சரின் பெயர் பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர் வாழும் இடத்தில் நிலைபெற்றிருப்பது பொருத்தமே. காட்கோபரிலிருந்து புறப்படும் இணைப்புச் சாலை மான்கூர்டைச் சென்றடைகிறது. அங்கே இருப்பது சிறார் இல்லம். பள்ளிக்குச் செல்லவேண்டிய வயதில் நீதிமன்றத்தின் பொறுப்பில் வந்த பிள்ளைகள் பல தலைமுறைகளாகத் தங்கவைக்கப்பட்ட இடம் அது.

ஒரே சாலை இணைக்கும் இவ்விரு இடங்களுக்கும் இடையில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. வளரிளம் பருவத்து மாணவன் ஒருவன் கை ஓங்கும்போது, கத்தி எடுக்கும்போது, பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதே அவ்வரலாறு. அடித்தார்கள், விலக்கினார்கள், அடைத்தார்கள், சில காலங்களில் விசாரிக்கவும் செய்தார்கள். இவற்றுள் விசாரித்தல் என்னும் பண்பை நீதிமன்றம் 1920களிலேயே கற்றுக்கொண்டது. பள்ளியோ அதனை இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. இந்த இடைவெளி எவ்வாறு தோன்றியது, அதனால் விளைந்தது என்ன என்பதை மும்பை, தமிழ்நாடு ஆகிய இரு களங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திண்ணையும் பிரம்பும்

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் தண்டனை என்பது கல்வியின் ஓர் உறுப்பாகவே கருதப்பட்டது. விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்துத் தொங்கவிடும் ‘கோதண்டம்’ என்னும் தண்டனை மூன்று தலைமுறைகளுக்கு முன்புவரை மக்கள் நினைவில் இருந்தது. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ திண்ணைப் பள்ளிமுறையை அறிவதற்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும். அம்முறையில் நோக்கத்தக்க ஒருவர் சட்டாம்பிள்ளை. ஆசிரியர் இல்லாத வேளையில் பிற மாணவரை அடக்கும் உரிமை பெற்ற மூத்த மாணவர் அவர். ஒரு மாணவன் இன்னொரு மாணவனை அடக்கியாள்வதற்குப் பெரியவர்களே இசைவு வழங்கிய ஏற்பாடு இது. மாணவரிடையே வலிமை, மூப்பு, குடிப்பிறப்பு ஆகியவற்றால் எழும் ஆதிக்கத்தைப் பற்றிப் பேசும்போது இவ்வேற்பாட்டை மறந்துவிட இயலாது.

இதற்கு மாறான ஒரு முயற்சியும் சென்னையிலேயே நிகழ்ந்தது. எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789 முதல் 1796 வரை பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்தார். 1797இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே அது ‘சென்னை முறை’ என இங்கிலாந்தில் புகழ்பெற்றது. அம்முறையின் கல்விப் பகுதி பலராலும் பேசப்பட்டுள்ளது. ஒழுங்குமுறைப் பகுதி அத்துணைப் பேசப்படவில்லை. குற்றங்கள் ஒரு கறுப்பு ஏட்டில் பதிவுசெய்யப்பட்டு, மாணவர்களே நடுவர்களாக அமர்ந்து அவற்றை விசாரித்தனர். தவறு செய்தவனை அவனுடைய தோழர்களின் முன் நிறுத்திக் கேட்பது, அடியைக் குறைக்கும் என்பது பெல்லின் துணிபு. இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்த கல்விமுறையில் பிரம்பு இருந்தது. மாணவர் நடுவர் குழு இல்லை.

சிறையிலிருந்து சீர்திருத்தப் பள்ளிக்கு

பள்ளிக்கு வெளியே, குற்றம் செய்த சிறுவர் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைக்கப்பட்ட காலம் அது. 1850ஆம் ஆண்டின் பயிற்சியாளர் சட்டம், 10 முதல் 18 வயது வரையிலான ஏழைச் சிறுவரையும் சிறு குற்றம் புரிந்தோரையும் கைத்தொழில் பயிலுமாறு ஒருவரிடம் ஒப்படைக்க வழிசெய்தது. அதே ஆண்டில் பம்பாயில் இதழாசிரியர் ஜார்ஜ் பியூஸ்ட் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். 1857இல் வணிகர் டேவிட் சசூனின் கொடையால் வலுப்பெற்ற அப்பள்ளியே பின்னர் மாகிம் பகுதியில் டேவிட் சசூன் தொழிற்பள்ளியாக நிலைத்தது. மாகிம், தாராவியை அடுத்த பகுதி என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற்கொள்ளலாம்.

1876ஆம் ஆண்டிலும் பின்னர் 1897ஆம் ஆண்டிலும் சீர்திருத்தப் பள்ளிகளுக்கான சட்டங்கள் இயற்றப்பட்டன. சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டில் இத்தகைய பள்ளி 1887இல் ஏற்பட்டது. 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறுவனைச் சிறைக்கு மாற்றாக 3 முதல் 7 ஆண்டுகள் வரை சீர்திருத்தப் பள்ளியில் வைக்கலாம். 18 வயதிற்குமேல் வைத்தல் கூடாது. ஒரு சிறு திருட்டுக்காக ஒரு வளர்ந்தவன் சில மாதங்களே சிறையில் இருக்க, அதே குற்றத்திற்காக ஒரு சிறுவன் ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருக்க நேர்ந்தது. நன்மை செய்யும் எண்ணமே தண்டனையை நீட்டித்தது எனலாம். சிறையைப் பள்ளியாக்கிய இம்மாற்றத்தில் ஒன்று மட்டும் மாறவில்லை: பிள்ளையை ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் அகற்றுவதே தீர்வு என்னும் நம்பிக்கை.

டோங்ரி, மான்கூர்ட், தேவ்னார்

1919–20ஆம் ஆண்டுகளின் இந்தியச் சிறைக் குழு, சிறுவர்க்குத் தனி நீதிமன்றம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதனைத் தொடர்ந்து இந்தியாவிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் 1920இல் சிறார் சட்டத்தை இயற்றியது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்பற்றின. பம்பாயில் இச்சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கெனச் சிறார் உதவிச் சங்கம் 1927இல் நிறுவப்பெற்றது. டோங்ரியின் உமர்காடி கூர்நோக்கு இல்லமும் மான்கூர்ட் சிறார் இல்லமும் இச்சங்கத்தின் பொறுப்பில் அமைந்தன.

டோங்ரி இல்லம் அமைந்த இடம் பழைய சிறைச்சாலை. 1882இல் கோலாப்பூர் அவதூறு வழக்கில் தண்டனை பெற்ற திலகரும் அகர்க்கரும் அங்கே 101 நாள்கள் சிறையிருந்தனர். அவ்விருவரும் அப்போது புனேயில் தாங்கள் தொடங்கிய பள்ளியொன்றில் ஆசிரியப் பணியில் இருந்தவர்கள். ஆசிரியர்கள் கைதிகளாக இருந்த இடத்திற்கு, அரை நூற்றாண்டு கழிவதற்குள் மாணவப் பருவத்தினர் வந்து சேர்ந்தனர். அவர்களைக் குறிக்கக் ‘கைதி’ என்னும் சொல்லைச் சட்டம் கைவிட்டிருந்தது. சுவர் அதே சுவர்.

எனினும் 1924ஆம் ஆண்டுச் சட்டம் கொணர்ந்த புதுமை கட்டடத்தில் இல்லை. நன்னடத்தை அலுவலர் என்னும் பணியில் இருந்தது. சிறுவன் என்ன செய்தான் என்பதோடு நில்லாது, அவன் யார் வீட்டுப் பிள்ளை, தந்தைக்கு வேலை உண்டா, பள்ளியிலிருந்து எப்போது நின்றான், யாரோடு பழகுகிறான் என்பனவற்றை அவ்வலுவலர் வீடுதேடிச் சென்று அறிந்து நீதிமன்றத்திற்கு அறிக்கை தரவேண்டும். தீர்ப்புக்கு முன் அறிக்கை என்னும் இந்நடைமுறை, பெரியவர்களின் எதிர்வினையில் நேர்ந்த பெருந்திருப்பம் ஆகும். சினத்திற்கும் தண்டனைக்கும் இடையே ஒரு கால இடைவெளியை அது உண்டாக்கியது.

இப்பணிக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கும் தேவையை நிறைவேற்றிய கல்வி நிறுவனமும் பம்பாயிலேயே தோன்றியது. நாக்பாடா பகுதியில் தொண்டாற்றிய அமெரிக்கரான கிளிஃபர்ட் மான்ஷார்ட்டை இயக்குநராகக் கொண்டு 1936இல் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பட்டப்பள்ளி தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அப்பள்ளி சிறார் வழிகாட்டு மருத்துவமனை ஒன்றை ஏற்படுத்தியது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது. அடங்காத பிள்ளை என்று கொண்டுவரப்பட்டவனை மருத்துவரும் உளவியலாளரும் சமூகப்பணியாளரும் சேர்ந்து ஆராய்வது அதன் முறை. பிள்ளையின் கோபத்திற்கு வீட்டிலும் வகுப்பறையிலும் காரணம் இருக்கலாம் என்பதே அதன் அடிப்படை. பின்னாளில் டாட்டா சமூக அறிவியல் கழகம் எனப் பெயர்பெற்ற இந்நிறுவனம் 1954இல் செம்பூரை அடுத்த தேவ்னாருக்கு இடம்பெயர்ந்தது. மான்கூர்டும் தேவ்னாரும் அண்டைப் பகுதிகள்.

இவ்வளவும் காட்கோபரிலிருந்து சிறிது தொலைவிலேயே நிகழ்ந்தன. ஆயினும் இந்த அறிவு நீதிமன்றத்திற்கும் இல்லத்திற்கும் சென்ற அளவிற்கு வகுப்பறைக்குச் செல்லவில்லை. நன்னடத்தை அலுவலர் பிள்ளையைச் சந்திப்பது அவன் காவல்துறையின் கையில் அகப்பட்ட பிறகுதான். அதற்கு முன்பு அவனைப் பல ஆண்டுகள் நாள்தோறும் பார்த்திருந்த ஆசிரியரிடம் இருந்தவை பிரம்பும் மாற்றுச் சான்றிதழுமே. மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்திவந்தது அரியதொரு பணி. ஆனால் தமிழ்வழியில் தொடங்கிய பிள்ளை மேல்வகுப்பில் வேறு மொழிவழிக்கு மாறவேண்டிய நிலை பல இடங்களில் இருந்தது. வளரிளம் பருவத்தில், சினமும் நாணமும் மிகும் வயதில், மொழியும் தோழரும் ஒருசேர மாறும்போது ஒரு பிள்ளைக்குள் நிகழ்வது என்ன என்று கேட்பதற்கு அங்கே எவருக்கும் பணிப்பொறுப்பு இல்லை.

காமராஜ் நகரை அடுத்த ரமாபாய் நகரில் 1997 ஜூலை 11 அன்று, அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 10 பேர் உயிரிழந்தனர். இத்தகைய தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வன்முறை முதலில் பெரியவர்களின் செயலாகவே அறிமுகமாகிறது. மாணவர் வன்முறையைப் பற்றிய பேச்சில் திரைப்படமும் கைப்பேசியும் பெறுகின்ற இடத்தை இத்தகைய அனுபவங்கள் பெறுவதில்லை.

பிரம்பு நீங்கிய பின்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் விரைந்து நடந்தது. சிறையில் வாடிய சிறுவர்க்காகப் பம்பாய் இதழாளர் ஷீலா பார்சே உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும், 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும், 1992இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையும், ஆண்பிள்ளைகளுக்கான வயது வரம்பை 16இலிருந்து 18ஆக உயர்த்திய 2000ஆம் ஆண்டுச் சட்டமும் அடுத்தடுத்து வந்தன. பள்ளித் தண்டனையிலும் மாற்றம் நேர்ந்தது. 2000 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உடல்தண்டனைக்கு இடமளித்த பள்ளி விதிகளைச் செல்லாதவையாக்கியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 17ஆம் பிரிவில் உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்தது.

பிரம்பை எடுத்தது சரியே. அதில் இரு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் வேறொன்று வைக்கப்படவில்லை. அறுபது மாணவர் நிறைந்த வகுப்பில் ஒருவன் நாற்காலியைத் தூக்கும்போது ஆசிரியர் என்ன சொல்லவேண்டும், எங்கே நிற்கவேண்டும், யாரை அழைக்கவேண்டும், மறுநாள் என்ன செய்யவேண்டும் என்பன ஆசிரியப் பயிற்சியில் உரிய இடம் பெறவில்லை. ‘இப்போதெல்லாம் பிள்ளைகளைத் தொடவே முடியாது’ என்னும் ஆசிரியர்களின் மனக்குறையை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிடுதல் தகாது. அது கைவிடப்பட்டவர்களின் குரலும் ஆகும்.

2012 பிப்ரவரி 9 அன்று சென்னைப் பாரிமுனைப் பகுதியிலுள்ள பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவன், வகுப்பறையிலேயே தன் ஆசிரியையைக் கத்தியால் குத்திக் கொன்றான். அவனுக்கு வயது 15. அவனுடைய படிப்பைப் பற்றி ஆசிரியை எழுதியனுப்பிய குறிப்புகளே அவன் சினத்திற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. பெற்றோருக்கு எழுதப்படும் குறிப்பு, பள்ளிக்கும் வீட்டிற்கும் உள்ள பாலமாகக் கருதப்படுவது. அதனை ஒரு பிள்ளை எந்த அச்சத்தோடு வீட்டிற்குச் சுமந்து சென்றான் என்பதைப் பள்ளி அறியும் வழி இல்லை. இந்நிகழ்விற்குப் பின்னர் பள்ளிதோறும் ஆலோசகர் வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அவ்வப்போது வந்து செல்லும் ஊர்தியிடம் ஒரு பிள்ளை தன் மனத்தைத் திறந்துகாட்டுவான் என எதிர்பார்ப்பது கடினம். வகுப்பறை நாள்தோறும் இருப்பது. நம்பிக்கையும் நாள்தோறும் விளையவேண்டியது.

அதே ஆண்டின் டிசம்பரில் டெல்லியில் நிகழ்ந்த கொடுமை சட்டத்தை மறுதிசையில் திருப்பியது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் புரிந்த 16 முதல் 18 வயதினரை முதற்கட்ட மதிப்பீட்டிற்குப் பின் வளர்ந்தோரைப் போல விசாரிக்க இடமளித்தது. சென்னை மாணவனின் வயதினரை இம்மாற்றம் தொடவே இல்லை என்பது கருதத்தக்கது. தண்டனையைக் கடுமையாக்கும் கோரிக்கை பெரும்பாலும் நிகழ்ந்துவிட்ட குற்றத்திற்கு விடையாக எழுவதன்று. கேட்போரின் கலக்கத்திற்கு விடையாக எழுவது.

2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மாணவர் ஆசிரியரை மிரட்டும் காணொளிகள் பரவின. அவ்வாண்டு மே மாதத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில், அத்தகைய மாணவர் பள்ளியிலிருந்து நீக்கப்படுவர் எனவும், நீக்கத்திற்கான காரணம் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் குறிக்கப்படும் எனவும் அறிவித்தார். ஆசிரியர் பலருக்கு இது ஆறுதல் அளித்தது. குழந்தை உரிமைச் செயற்பாட்டாளர்கள் எதிர்த்தனர். அமெரிக்கப் பள்ளிகள் 1990களில் ‘சிறிதும் பொறுத்தலில்லை’ என்னும் கொள்கையின்கீழ் நீக்கத்தைப் பெருமளவிற் கையாண்டன. அக்கொள்கை பள்ளிகளைப் பாதுகாப்பானவை ஆக்கியதற்குச் சான்றில்லை என அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2008இல் வெளியான தன் அறிக்கையில் கூறியது. மாறாக, நோர்வே நாடு 1983இல் மாணவரிடையே நிகழும் கொடுமைக்கு எதிராக நாடளாவிய இயக்கத்தைப் பள்ளிகளின் வழியே தொடங்கியது. டான் ஓல்வேயஸ் என்னும் உளவியலாளர் வகுத்த அம்முறையில் பெரியவர்கள் விளையாட்டுத் திடலிலும் நடைகூடத்திலும் கண்ணுக்குத் தெரியுமாறு இருத்தல் ஒரு முக்கியக் கூறு.

நாங்குநேரி

2023 ஆகஸ்ட் 9 இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சார்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரை உடன்பயின்ற ஆதிக்கச் சாதி மாணவர் சிலர் வீடுபுகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கவந்த தங்கையும் வெட்டுண்டார். பள்ளியில் தொடர்ந்து துன்புறுத்தப்பட்டதால் அம்மாணவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளி கேட்டது. அவர் உண்மையைச் சொன்னார். முறையீட்டைத் தொடர்ந்து தாக்குதல் நிகழ்ந்தது.

இவ்வரிசையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பள்ளி இங்கே கண்ணை மூடிக்கொள்ளவில்லை, கேட்டது. அவ்வளவில் அது செய்யவேண்டியதைச் செய்தது. கேட்ட பின் என்ன செய்வது என்பதற்கு வழிமுறை இல்லாமற்போனதே கேடு. புகார் சொன்னவரின் பெயர் எதிர்த்தரப்பை எட்டும் முன் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். துன்புறுத்தியவர்களையும் அவர்தம் பெற்றோரையும் தனித்தனியே அழைத்துப் பேசவேண்டும். தேவையெனில் சில நாள்கள் இருதரப்பையும் பிரித்துவைக்கவேண்டும். மென்மை மட்டும் போதும் என்று கருதுவோர் மறப்பது இதனையே: வன்முறை புரியும் பிள்ளையின்பால் காட்டும் பரிவு, வன்முறைக்கு உள்ளாகும் பிள்ளையின் பாதுகாப்பை விலையாகக் கொள்ளலாகாது. விலக்கிவைத்தல் வேறு, வெளியேற்றுதல் வேறு. முன்னது ஒரு நாளின் தேவை. பின்னது ஒரு வாழ்நாளின் முத்திரை.

இந்நிகழ்வையொட்டி அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை அளித்தது. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்குதல், மாணவர் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடைசெய்தல், ஆசிரியர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் இடமாற்றம் செய்தல் முதலியன அதன் பரிந்துரைகளுள் அடங்கும். கயிறும் மோதிரமுமே செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டன. ஆனால் வரலாற்று நோக்கில் முதன்மையானது வேறொன்று: 500க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை அமர்த்தவேண்டும் என்பது. ஆசிரியர் அல்லாத, காவலர் அல்லாத, ஆனால் பள்ளிக்குள்ளேயே இருக்கின்ற ஒருவர். 1924ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் நீதிமன்றத்திற்குத் தந்த நன்னடத்தை அலுவலரின் வேறொரு வடிவம் எனலாம். நூறாண்டு கழித்து அப்பணி குற்றத்திற்குப் பின் வருவதாக அன்றிக் குற்றத்திற்கு முன் இருப்பதாகப் பள்ளிக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

ஆசிரியர்களின் சாதியுணர்வைப் பற்றியும் அவ்வறிக்கை பேசியது. இது பலருக்கு உவப்பாக இல்லை. எனினும் அரிவாள் ஏந்திய அம்மாணவர் சாதியைத் தாமே கண்டுபிடித்தவர் அல்லர். வீட்டில் பேசப்பட்டதையும் தெருவில் கொண்டாடப்பட்டதையும் அவர்கள் செயலாக்கினர். பெரியவர்கள் எவ்வாறு எதிர்வினையாற்றவேண்டும் என்னும் வினா, பெரியவர்கள் முன்னரே கற்பித்தது என்ன என்னும் வினாவிலிருந்து பிரிக்க முடியாதது.

தாக்குண்ட மாணவர் மருத்துவமனையிலிருந்தே படிப்பைத் தொடர்ந்து, 2024 மே மாதம் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றார். ஊர் பாராட்டியது. தாக்கியோரும் பள்ளி வயதினரே. சட்டம் அவர்கள் திரும்பி வருவதை எதிர்நோக்குகிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட சிறாருக்கும் அதனால் தகுதியிழப்பு நேரலாகாது என்கிறது. உரிய காலத்திற்குப் பின் பதிவுகளை அழிக்கவும் சொல்கிறது. வளர்ந்தோரைப் போல விசாரிக்கப்பட்ட 16 வயதைக் கடந்தோர் மட்டுமே இதற்கு விலக்கு. 74ஆம் பிரிவு, முடிந்துபோன வழக்கைக் குறித்து நன்னடத்தைச் சான்றிதழுக்காகக் காவல்துறை எதையும் வெளியிடக்கூடாது எனத் தடுக்கிறது. நீதிமன்றமும் காவல்துறையும் மறந்துவிடக் கடமைப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுப் பள்ளிகள் வழங்கும் மாற்றுச் சான்றிதழிலோ ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்னும் ஓர் இடம் உண்டு. தலைமையாசிரியர் அதனை நிரப்பிக் கையொப்பமிட்ட பிறகே பிள்ளை அடுத்த பள்ளியின் வாயிலில் சென்று நிற்க முடியும்.